தந்தையின் குருதி, பிள்ளையின் இதயம்

நாற்பது வயதைத் தாண்டாத ஒருவர் மாரடைப்பால் திடீரென மறைந்துவிட்டால், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்கள் காரணம் தேடுவது வழக்கம். புகை பிடித்தார் என்பார் ஒருவர். கவலை தின்றுவிட்டது என்பார் மற்றொருவர். சாப்பாட்டில் எண்ணெயைக் குறைக்கவில்லை என்று, கண்ணீர் காயாத மனைவியின் மீதே பழி போடுவாரும் உண்டு. இவர்களுக்கிடையே வயது முதிர்ந்த உறவினர் ஒருவர், “இவன் அப்பாவும் இப்படித்தான் போனான்” என்று மெல்லச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். அச்சொல்லை நாம் ஒரு பெருமூச்சாக மட்டுமே கேட்கிறோம். அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்ட மருத்துவர்கள் இருந்தார்கள். குறிப்பாக அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இரு மருத்துவர்கள், தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் இதய நோயின் வேரைத் தேடி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து உழைத்தார்கள். ஜோசப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரவுன் என்பன அவர்களின் பெயர்கள். அவர்களின் பணியின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது, நம் வீட்டுக் கதையையும் புதிய கண்ணோடு படிக்க உதவும்.

மரபியல் என்னும் அறிவியல் ஒரு துறவு மடத்துத் தோட்டத்தில் முளைத்தது என்பதை நம்மில் பலர் அறிவோம். அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், புருன் நகரத்து மடத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட விதிகளை 1866ஆம் ஆண்டு அச்சில் வெளியிட்டார். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பண்பிற்கும் ஒவ்வொரு கூறு தருகின்றனர். அவற்றுள் சில ஒற்றையாக வந்தாலே வெளிப்படும் என்பது அவ்விதிகளின் சாரம். அவர் வாழ்ந்த காலத்தில் அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். 1900ஆம் ஆண்டில்தான் உலகம் அதை மீண்டும் கண்டெடுத்தது.

பட்டாணிக்குப் பொருந்திய அவ்விதி மனித இதயத்திற்கும் பொருந்துமா? 1938ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர், சில குடும்பங்களில் மூன்று அடையாளங்கள் கூடியே வருவதை எடுத்துக்காட்டினார். இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுதி, தசைநாண்களிலும் தோலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள், இளமையிலேயே இதய நோய் ஆகியனவே அவை. 1964ஆம் ஆண்டில் பெய்ரூட் நகரில் அவெடிஸ் கச்சதூரியன் என்ற மருத்துவர், லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு தெளிவை உண்டாக்கினார். குறையுள்ள கூறு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் கொலஸ்டிரால் ஏறத்தாழ இரு மடங்காகும். அத்தகையோரை நடுவயதில் மாரடைப்பு தாக்கும். இரு பெற்றோரிடமிருந்தும் அதே குறை வந்துவிட்டாலோ, கொலஸ்டிரால் ஆறு மடங்கு, எட்டு மடங்கு என உயரும். பள்ளிப் பருவத்திலேயே இதயம் பழுதடையும். நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் வழக்கமுள்ள சமூகங்களில் இந்த இரண்டாம் நிலை கூடுதலாகக் காணப்பட்டது.

இன்ன நோய் இப்படி இறங்குகிறது என்பது தெரிந்தது. ஏன் என்பது மட்டும் தெரியவில்லை.

கோல்ட்ஸ்டீன் 1940ஆம் ஆண்டு தென் கரோலினாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அம்மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் துணிக்கடை வைத்திருந்தனர். பிரவுன் 1941ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், துணி விற்பனையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1966ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தபோது இருவரும் முதன்முதலில் சந்தித்தனர். இரவுப் பணியின் அலுப்புக்கிடையிலும் ஒரு நோயாளியின் உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று விவாதிப்பதில் இருவருக்கும் இருந்த ஆர்வமே அவர்களை நண்பர்களாக்கியது.

1968ஆம் ஆண்டில் இருவரும் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள தேசிய உடல்நல ஆய்வு நிறுவனங்களுக்குச் சென்றனர். மரபுச் செய்தியின் எழுத்துகளைப் படித்துக் காட்டியமைக்காக அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மார்ஷல் நிரன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில் கோல்ட்ஸ்டீன் பணியாற்றினார். பிரவுன் நொதிகளின் இயக்கத்தை எர்ல் ஸ்டாட்மனிடம் கற்றார். ஆனால் அவர்களின் வாழ்க்கையைத் திருப்பியது ஆய்வுக்கூடம் அன்று, நோயாளிகளின் படுக்கை. அங்கே டொனால்ட் பிரெட்ரிக்சன் என்ற மருத்துவரின் பிரிவில், ஆறு வயதும் எட்டு வயதுமான ஒரு தங்கையும் அண்ணனும் சேர்க்கப்பட்டிருந்தனர். இரு பெற்றோரிடமிருந்தும் குறையைப் பெற்ற பிள்ளைகள் அவர்கள். அந்த வயதில் புகையும் இல்லை, மதுவும் இல்லை, அலுவலகக் கவலையும் இல்லை. எனினும் முதியவர்க்கு வரவேண்டிய இதய நோய் அவர்களுக்கு வந்திருந்தது. இதற்கு உணவையோ பழக்கத்தையோ குற்றம் சொல்ல முடியாது என்பது கண்கூடாகத் தெரிந்தது. அப்படியானால் உடலுக்குள் எது உடைந்திருக்கிறது? இக்கேள்வியை இருவரும் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்கள்.

விடை தேடும் வழியில் கோல்ட்ஸ்டீன் 1970ஆம் ஆண்டு சியாட்டில் நகருக்குச் சென்று, ஆர்னோ மொட்டுல்ஸ்கி என்ற மரபியல் மருத்துவரிடம் இரண்டாண்டுகள் பயின்றார். மொட்டுல்ஸ்கியின் வாழ்க்கையை ஓரிரு வரிகளிலேனும் சொல்லாமல் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. 1923ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1939ஆம் ஆண்டில் அகதிகளை ஏற்றிச் சென்ற செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் பயணம் செய்த சிறுவர்களுள் ஒருவர். கியூபா அக்கப்பலைத் திருப்பி அனுப்பியது. அமெரிக்காவும் இடம் கொடுக்கவில்லை. மீண்டும் ஐரோப்பாவுக்கே வந்து, பிரான்சில் தடுப்பு முகாம்களில் அடைபட்டு, 1941ஆம் ஆண்டில் தப்பி அமெரிக்கா சேர்ந்தார். குருதியின் பெயரால் மனிதரைத் தரம் பிரித்த கொடுமையிலிருந்து பிழைத்த ஒருவர், அதே குருதியின் மரபை மனிதரைக் காக்கும் கருவியாக்கினார்.

மொட்டுல்ஸ்கியும் கோல்ட்ஸ்டீனும் அவர்களுடைய துணைவர்களும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 500 பேரைத் தேடிச் சென்று இரத்தம் எடுத்தனர். அவர்களின் உறவினர்களையும் விடாமல் சோதித்தனர். அதாவது, “இவன் அப்பாவும் இப்படித்தான் போனானா” என்ற கேள்வியை வீடு வீடாகச் சென்று முறைப்படி கேட்டார்கள். 1973ஆம் ஆண்டில் வெளியான முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அறுபது வயதுக்குள் மாரடைப்பு வந்து பிழைத்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பரம்பரையாக வரும் மூன்று கொழுப்புக் கோளாறுகளுள் ஏதேனும் ஒன்று இருந்தது. பெரியவரின் பெருமூச்சு இப்போது ஓர் எண்ணாகிவிட்டது.

1972ஆம் ஆண்டில் கோல்ட்ஸ்டீன் டல்லஸ் நகருக்குத் திரும்பினார். அங்குள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பிரவுன் ஓராண்டு முன்பே வந்து சேர்ந்திருந்தார். நண்பர்கள் தத்தம் ஆய்வுக்கூடங்களை ஒன்றாக்கிக் கொண்டனர். அன்று தொடங்கி அவர்களின் கட்டுரைகளில் இருவர் பெயரும் இணைந்தே வந்தன. அறிவியல் உலகில் முதன்மைக்கான போட்டி எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்தவர்கள், அந்த இணைபிரியாமையே ஒரு சாதனை என்பர்.

அவர்கள் செய்தது என்ன? கொலஸ்டிரால் என்றாலே நஞ்சு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும் அது தேவை. கல்லீரலிலிருந்து தோன்றி இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் சிறு துகள்களுக்கு எல்.டி.எல். என்று பெயர். உயிரணு தனக்கு வேண்டிய கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்ளவும் வல்லது; அதற்கென ஒரு நொதி அதனுள் இருக்கிறது. நோயாளிகளின் தோலிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, இருவரும் ஆராய்ந்தனர்.

நலமுள்ளவரின் உயிரணுக்களுக்கு எல்.டி.எல். ஊட்டியபோது, வெளியிலிருந்து போதிய கொலஸ்டிரால் வந்துவிட்டது என்று உணர்ந்து அந்த நொதி ஓய்ந்துவிட்டது. நோயுற்ற பிள்ளைகளின் உயிரணுக்களிலோ நொதி ஓயவே இல்லை. கட்டுக்கடங்காமல் கொலஸ்டிராலைச் செய்துகொண்டே இருந்தது. அப்படியானால் நொதிதான் கெட்டுவிட்டதா? அவர்களும் முதலில் அவ்வாறே எண்ணினர். ஆனால் கொலஸ்டிராலைத் துகளிலிருந்து பிரித்து, சாராயத்தில் கரைத்து நேராக ஊட்டியபோது, நோயுற்ற உயிரணுக்களிலும் நொதி அடங்கிற்று. ஆகவே நொதியில் குற்றமில்லை. துகள் உள்ளே செல்லும் வழியில்தான் தடை இருக்க வேண்டும் என்று தெளிந்தனர். அடுத்து, எல்.டி.எல். துகளுக்குக் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்டு விட்டுப் பார்த்தனர். நலமுள்ள உயிரணுவின் மேற்பரப்பில் அது வந்து ஒட்டிக்கொண்டது. நோயுற்ற உயிரணுவில் ஒட்டவே இல்லை.

உயிரணுவின் வாயிலில் நின்று துகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயரிட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் கண்ட உண்மை இது. இரு பெற்றோரிடமிருந்தும் குறையைப் பெற்ற பிள்ளைகளிடம் அந்த ஏற்பி வேலை செய்வதில்லை. ஒருவரிடமிருந்து பெற்றவர்களிடம் பாதியளவே வேலை செய்கிறது. வாயில் திறக்காததால் துகள்கள் இரத்தத்திலேயே தேங்கி, தமனிகளின் சுவர்களில் படிந்து அடைக்கின்றன. எது உடைந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கல்லீரலே இத்துகள்களை இரத்தத்திலிருந்து அகற்றும் முதன்மை உறுப்பு என்பதற்கு உருக்கமான சான்று 1984ஆம் ஆண்டில் கிடைத்தது. இரட்டைக் குறையோடு பிறந்த டெக்சாஸ் மாநிலத்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் இதயம் செயலிழந்துகொண்டிருந்தது. பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்செல் என்ற அறுவை மருத்துவரின் குழு, அவளுக்குப் புதிய இதயத்தோடு புதிய கல்லீரலையும் பொருத்தியது. நலமுள்ள ஏற்பிகள் கொண்ட அந்தக் கல்லீரல் வந்ததும், ஆயிரத்திற்கு மேல் இருந்த அவளது கொலஸ்டிரால் அளவு முந்நூறு என்னும் அளவிற்குக் குறைந்தது. அவள் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1990ஆம் ஆண்டில் மறைந்தாள். அந்த ஆண்டுகளில் அவள் பள்ளிக்குச் சென்றாள், விளையாடினாள் என்பதை, மருத்துவக் கணக்கில் சேராத பெருஞ்செல்வமாகவே நாம் கருதுகிறோம்.

1985ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கோல்ட்ஸ்டீனுக்கும் பிரவுனுக்கும் வழங்கப்பட்டது.

இதற்கிடையில் கடல் கடந்து ஜப்பானில் அகிரா எண்டோ என்ற அறிவியலார், கொலஸ்டிரால் செய்யும் நொதியை அடக்கக்கூடிய பொருளைப் பூஞ்சைகளில் தேடிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்த பின், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்த பூஞ்சையில் 1973ஆம் ஆண்டில் அதைக் கண்டார். இன்று ஸ்டாட்டின் என வழங்கும் மருந்துகளின் மூதாதை அதுவே. டல்லஸ் மருத்துவர்கள் அம்மருந்தின் உட்பொருளை விளக்கினர். கல்லீரலுக்குள் கொலஸ்டிரால் உற்பத்தி குறைந்தால், அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளத் தன் வாயில்களைப் பெருக்கும். ஒரு பெற்றோரிடமிருந்து குறை வந்திருந்தாலும், மற்றவரிடமிருந்து வந்த நல்ல மரபணு ஒன்று இருக்கிறதல்லவா? அந்த ஒன்றை இருமடங்கு உழைக்கச் செய்வதே மருந்தின் வேலை. 1987ஆம் ஆண்டில் இவ்வகையின் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1994ஆம் ஆண்டில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அம்மருந்தால் இறப்புகள் 30 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. யாரைக் கண்டு இந்த ஆய்வு தொடங்கிற்றோ, அந்தப் பிள்ளைகளுக்கு இம்மருந்து போதவில்லை. உழைக்கச் செய்வதற்கு அவர்களிடம் நல்ல மரபணு ஒன்றுகூட இல்லையே! அவர்களின் தோல் துணுக்கில் கற்ற பாடம், கோடிக்கணக்கான மற்றவர்களின் உயிரைக் காத்தது. அவர்களோ இரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டிச் செலுத்தும் கடினமான சிகிச்சையையும், கல்லீரல் மாற்றத்தையும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. ஏற்பியின் துணையின்றியே கொலஸ்டிராலைக் குறைக்கும் புதிய மருந்து ஒன்று 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் விலையோ ஏழைகளின் கைக்கு எட்டாதது. பிறருக்கு நலம் தந்தவர்க்கே நலம் கடைசியாக வந்து சேர்கிறது என்ற இந்தக் கடனை மருத்துவ உலகம் மறக்கலாகாது.

இருவரின் பணி அவர்களோடு நின்றுவிடவில்லை. அவர்களிடம் பயின்ற ஹெலன் ஹாப்ஸ் என்ற பெண் மருத்துவர், அதே கேள்வியைத் தலைகீழாக்கிக் கேட்டார். கொலஸ்டிரால் மிகுந்தவரை எல்லாரும் ஆராய்கிறார்கள். மிகக் குறைந்தவரிடம் என்ன இருக்கிறது? 2003ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள், பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு மிகையாக இயங்கும் குடும்பங்களில் கொலஸ்டிரால் ஏறுவதைக் கண்டிருந்தனர். ஹாப்சும் அவருடைய துணைவர் ஜோனதன் கோஹனும், டல்லஸ் நகரத்து மக்களிடையே நடத்திய பெரிய ஆய்வில், அதே மரபணு செயலற்றுப்போன சிலரை 2005ஆம் ஆண்டில் கண்டனர். அவர்களுள் பலர் கறுப்பின மக்கள். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, அத்தகைய கறுப்பின மக்களின் எல்.டி.எல். அளவு 28 விழுக்காடும், இதய நோய் வாய்ப்பு 88 விழுக்காடும் குறைந்திருந்தன. பிறந்தது முதல் கொலஸ்டிரால் சற்றே குறைந்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்று அது உணர்த்திற்று. அந்த அறிவிலிருந்து பிறந்த ஊசி மருந்துகள் 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. மரபு நோயை மட்டும் தருவதில்லை. சிலருக்குக் கேடயத்தையும் தருகிறது. கேடயம் பெற்றவர்களைக் கண்டறிந்ததால், அதைப் பெறாதவர்க்கும் ஒன்று செய்து கொடுக்க முடிந்தது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு பெற்றோரிடமிருந்து இக்குறையைப் பெற்றவர் உலகில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் எனக் கணக்கிடுகின்றனர். ஞாயிறு திருப்பலிக்கு ஆயிரம் பேர் கூடும் ஒரு பங்கில் மூவரோ நால்வரோ இருக்கக்கூடும் என்று பொருள். சிகிச்சை பெறாவிட்டால், இவ்வாறு குறையுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை 50 வயதுக்குள் இதய நோய் தாக்குகிறது. அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க சரிபாதி வாய்ப்பு இருக்கிறது.

நம்மிடையே மாமன் மகள், அத்தை மகன் என்று உறவில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. திருச்சபைச் சட்டம் நெருங்கிய இரத்த உறவில் திருமணத்தைத் தடை செய்து, இத்தகைய மணங்களுக்கு முன்னதாக விதிவிலக்குப் பெறுமாறு கேட்கிறது. அதைப் பலர் வெறும் விண்ணப்பத் தாளாகவே எண்ணுகிறோம். ஒரே பாட்டியின் குறை இரண்டு கிளைகளின் வழியே இறங்கி, ஒரே பேரப்பிள்ளையிடம் வந்து சேரக்கூடும் என்பதைப் பெய்ரூட்டின் குடும்பங்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. உறவில் மணம் பேசும் வீட்டில், இளவயது மாரடைப்பு மரணங்கள் இருந்தனவா என்று கேட்பது அபசகுனம் அன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாம் செய்யும் முதல் கடமை அது.

மரபு என்று சொன்னவுடன் தலைவிதி என்று கைகட்டி நிற்பதும் தவறு. புகையை விடுதலும், உணவில் அளவும், உடலுழைப்பும் யாவர்க்கும் வேண்டியவையே. இக்குறை உள்ளவர்க்கு அவை மேலும் வேண்டும். ஆனால் அவற்றை எல்லாம் கடைப்பிடித்தும் ஒருவர் வீழ்ந்தால், அவரையோ அவருக்குச் சமைத்துப் போட்டவளையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதிருப்போம். ஆறு வயதுப் பிள்ளையின் இதயம் பழுதடைந்ததைக் கண்ட இரண்டு இளம் மருத்துவர்கள், யார் குற்றம் என்று கேட்கவில்லை. எது உடைந்தது என்று கேட்டார்கள். பழி தேடும் கேள்வியால் இறந்தவர் எழுந்து வரப்போவதில்லை. உடைந்ததைத் தேடும் கேள்வி, இருப்பவரைக் காக்கும்.

இனியொரு முறை கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், “இவன் அப்பாவும் இப்படித்தான் போனான்” என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்டால், அதைப் பெருமூச்சாக விட்டுவிடாமல் இருப்போம். இறந்தவரின் தம்பி தங்கையரையும் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, இரத்தத்தில் கொலஸ்டிரால் அளவைச் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். ஒரு சிறிய இரத்தச் சோதனை போதும். அந்த வீட்டில் அடுத்த மரணம் இருபது ஆண்டுகள் தள்ளிப் போகலாம். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு முன்பே அந்தச் சோதனை நடந்துவிட்டால், இறந்தவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலிகளுள் அதுவும் ஒன்றாக இருக்கும்.